பெட்ஷீட்டுக்கு ஒரு வசனம்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

போன் பண்ணாதே என்று போன வருஷம் நான் சொன்னது இன்னும் அமலில்தான் இருக்கிறது. கடிதத்தைப் பார்த்ததும் தம்பி இறங்கி வந்துவிட்டான் என்று போனைக் கையில் எடுத்துவிடாதே. இது வேறு விஷயம். எனக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அதற்குத் தகுதியான ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். என் தலையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு வசனப் போட்டி நடந்தது. என் மகள் வாலு பைபிளில் நூற்று மூன்றாம் சங்கீதம் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய சங்கீதம். மூன்று மாதமாக அவளைத் தயார் செய்தேன். அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறைதான். நேற்றுவரை படித்ததை முழுக்கச் சொன்ன பிறகுதான் இன்றைய புது வசனம். தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. தலை வாரும்போது சொன்னாள், பல் தேய்க்கும்போது வாயில் நுரையோடு சொன்னாள். என் மனைவி, "பிள்ளை வளக்குறீங்களா, கிளி வளக்குறீங்களா?" என்று கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போட்டியில் தப்பு வந்தால் மேஜை மணியைத் தட்டுவதற்கு ஒரு டீச்சர் இருக்கிறார். பிள்ளைகள் எல்லோரும் அவரை பெல் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். வாலு கணீர் என்று சொல்லிக்கொண்டே போனாள். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. பாதியைத் தாண்டியதும் டிங் என்று மணி அடிக்கிறது. பிள்ளை திகைத்து என்னைப் பார்த்தாள். நான், போ போ என்று கை காட்டினேன். முழுக்கச் சொல்லி முடித்தாள். பரிசு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமலே கட்டிலில் விழுந்து அழுதாள்.

நான் சும்மா விடுவேனா? பெல் டீச்சரிடம் போய்க் கேட்டேன். "ஒரு வசனத்தை முழுசா விட்டுட்டாளே தம்பி. கிழக்கு மேற்குன்னு வருதே, அதுக்கு அடுத்தது" என்கிறார். பைபிளைத் திறந்து நீட்டினார். நான் வாங்கவே இல்லை. "எனக்குப் புத்தகம் வேண்டாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எங்கம்மா சொல்லிக்கொடுத்தது" என்றேன். சபையே திரும்பிப் பார்த்தது. மனைவி என் காலை மிதித்தாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாமிருவரும் சின்ன வயதிலிருந்து இந்தச் சங்கீதத்தை இப்படித்தான் சொல்லி வருகிறோம், இதில் எதுவும் விட்டுப்போகவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதை அவர் மேஜையில், மணிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

போன வருஷம் போனில் நீ யாரைப் பற்றிப் பேச்செடுத்தாயோ, அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே.

தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

போன் பண்ணாதே என்றாய், பண்ணவில்லை. ஒரு வருஷமாக அம்மாவின் குரலைக்கூடப் உங்கள் பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவின் போனில்தான் கேட்கிறேன். நீ கேட்ட சாட்சிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால், உன்னைப்போல் இல்லாமல், புத்தகத்தைத் திறந்து பார்த்தேன்.

பெல் டீச்சர் சொன்னது சரி. வாலு பாவம். நீ தப்பு, நானும் தப்பு, நாற்பது வருஷமாக.

பன்னிரண்டாம் வசனம் கிழக்கு மேற்கு, அவ்வளவு தூரத்துக்கு நம் பாவங்களை விலக்கினார் என்பது. அதற்கு அடுத்து நாம் சொல்வது, நாமெல்லாம் மண் என்று அவருக்குத் தெரியும் என்கிற வசனம். அது பதினான்கு. நடுவில் ஒரு பதின்மூன்று இருக்கிறது. நான் அதைப் படித்ததும் துணி மடிக்கிற மேஜையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு தகப்பன் தன் பிள்ளைகள்மேல் எப்படி இரக்கப்படுவானோ அப்படி என்று ஆரம்பிக்கிறது. நீயே பார்த்துக்கொள்.

நமக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்துப் பார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரி லாண்டிரிக்கு ஓடுவோம். காய்ந்த பெட்ஷீட்டின் இரண்டு முனையை நீ பிடிப்பாய், இரண்டு முனையை நான் பிடிப்பேன். நான் முதல் வசனம் சொல்லிக்கொண்டே உன்னை நோக்கி வருவேன், முனையோடு முனை சேரும், ஒரு ஷீட் முடியும். அடுத்த ஷீட்டுக்கு அடுத்த வசனம் உன்னுடையது. ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை உனக்கு. அப்படியானால் மண் வசனம், பதினான்காவது, உனக்குத்தானே வர வேண்டும்? அதை நான் சொன்னேன். ஒன்று நடுவில் காணாமல் போனதால்தான் முறை மாறியிருக்கிறது. ஒரு நாளும் நமக்கு உறைக்கவில்லையே! இத்தனைக்கும் நான் இப்போது ஒரு ஹோட்டல் லாண்டிரிக்கே சூப்பர்வைசர். எண்ணி வைப்பதுதான் என் பிழைப்பு. இங்கே ஷீட் மடிக்க மெஷின் இருக்கிறது. அது வசனம் சொல்லாது, விடவும் விடாது.

அம்மாவிடம் கேள், ஏன் விட்டாள் என்று.

அந்த ஆளைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நீ கிழித்துப் போடுவதானால் இந்தப் பாராவை மட்டும் கிழி. அவர் நம் அப்பா. உனக்கு நாலு வயதில் லாரி எடுத்துக்கொண்டு போனவர், திரும்பவில்லை. போன வருஷம் என் லாண்டிரி வாசலில் வந்து நின்றார். அதைத்தான் உன்னிடம் சொன்னேன், நீ போனை அறைந்து வைத்தாய். இப்போது அவருக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. டாக்டர் எனக்கு நேராகவே சொல்லிவிட்டார், ரொம்ப நாள் இல்லை என்று. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. மன்னிக்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். வா.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

பார்த்தேன். புதிய பதிப்பில் யாராவது சேர்த்திருப்பார்களோ என்று, அம்மாவின் பழைய பைபிளையே எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருக்கிறது. பெல் டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாலுவுக்கு ஏப்ரலில் இன்னொரு வாய்ப்பு தருகிறார்களாம். அதற்குள் அந்த வசனத்தை உள்ளே நுழைக்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கட்டி முடித்த கட்டடத்தில் நடுவில் ஒரு மாடி சேர்க்கிற மாதிரி இருக்கிறது. பிள்ளை பன்னிரண்டு வரை வேகமாக வருகிறாள், தடுக்குகிறாள், நின்று யோசிக்கிறாள், அழுகிறாள். எனக்கு அதைவிட மோசம். நான் நிற்பதுகூட இல்லை, தாவிவிடுகிறேன். நேற்று ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் மேலே உட்கார்ந்து கம்பிவடத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கிழக்கு மேற்கு முடிந்ததும் என் நாக்கு நேராக மண்ணில் போய் இறங்குகிறது. கீழே இருந்து என் கூட்டாளி, எலக்ட்ரீஷியன், நாங்கள் ஃபியூஸ் என்று கூப்பிடுகிற ஆள், "என்னப்பா, தனியா உக்காந்து யாரைத் திட்டுற?" என்று கத்தினான்.

அம்மாவிடம் கேட்டேன். துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "அன்னிக்கு ஒரு பெட்ஷீட்டு குறைஞ்சிருக்கும்" என்றாள். தினமுமா குறையும் என்று கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இன்னொன்று. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று இருந்திருந்தால் கடைசி வசனம் எனக்கு வந்திருக்கும். "ஆரம்பிக்கிறதும் அவ, முடிக்கிறதும் அவளா?" என்று நான் அம்மாவிடம் எத்தனை நாள் அழுதிருப்பேன். கடைசி ஷீட்டை மடித்ததும் எல்லாப் பெண்களும் உன்னைத்தான் தட்டிக்கொடுப்பார்கள். அது என்னுடையது. என் வசனத்தை நாற்பது வருஷம் நீ சொல்லியிருக்கிறாய்.

அந்தப் பாராவைக் கிழிக்கவில்லை. ஆனால் வரமாட்டேன். எனக்கு அவர் முகமே தெரியாது. முகம் தெரியாத ஆளின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் என்ன செய்ய? லிஃப்டா ரிப்பேர் பண்ண?

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

கடைசி வசனத்துக்கு நாற்பது வருஷக் கோபம் வைத்திருக்கிறாய். நல்லது. எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது, கேட்டுக்கொள்.

நான் அவரை மன்னித்துவிட்டேன், அப்பா அப்பா என்று உருகுகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் சுவர்தான் தெரியும். வேலை முடிந்து அங்கே போகிறேன். சட்டையைத் துவைத்துப் போடுகிறேன், மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுக்கிறேன், அந்த நேரம் முழுக்கத் திட்டுகிறேன். "அம்மா கை வெந்து போய் வீட்டுக்கு வருவா, தெரியுமா உங்களுக்கு? ஷீட்டைக் கொதிக்கிற தண்ணியிலிருந்து கையால எடுப்பா" என்று சொல்வேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார். திட்டி முடித்ததும் கஞ்சி கொடுப்பேன். நாளைக்குத் திட்டுவதற்கு அவர் இருக்க வேண்டுமே.

ஏழு வயதுவரை எனக்கு அவரைத் தெரியும். லாரியின் ஹாரனை அடிக்க என்னை மடியில் தூக்கி உட்கார வைப்பார். அந்த நினைப்பு இருப்பதால் எனக்கு வலி அதிகம், உனக்கு இல்லை. இதை நீ யோசித்ததே இல்லை.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவர் நேராகக் கேட்கவில்லை. கேட்க வாய் இல்லை அவருக்கு. "சின்னவன் என்ன வேலை பாக்குறான்?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டார். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். அதிலிருந்து ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஏறும்போதெல்லாம், "இதையும் அவன்தான் பாப்பானா?" என்று கேட்கிறார். அது வேறு ஊர் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். மறுபடி கேட்கிறார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. போன வாரம் போகிற போக்கில், "ஆமா, அவன்தான்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு லிஃப்டின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே மேலே வந்தார்.

முகம் தெரியாது என்கிறாய். வந்து பார்த்தால் தெரியும். உன் முகம்தான்.

அம்மாவிடம் மறுபடி கேள். பெட்ஷீட் குறைந்தது என்றால் விட்டுவிடுவதா? நீ லிஃப்ட் நின்றால் காரணம் தெரியாமல் மூடிவிட்டு வருவாயா?

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

கேட்டேன். நேற்றுக் காலை மொட்டை மாடியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஷீட்டின் இரண்டு முனையை நான் பிடித்துக்கொண்டேன். "இப்ப சொல்லு, இல்லைன்னா முனையை விடமாட்டேன்" என்றேன். நாற்பத்தைந்து வயது ஆள் இப்படித்தான் அம்மாவை மிரட்ட வேண்டியிருக்கிறது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொத தடவை அந்த வசனத்தையும் சேத்துத்தான்டா சொல்லிக்கொடுத்தேன். அக்கா அழகா திருப்பிச் சொன்னா. நீ ஷீட்டைக் கீழ போட்டுட்டு, 'அப்ப நம்ம அப்பா எப்ப வருவாரு?'ன்னு கேட்ட. அத்தனை பொம்பளைங்களும் கையை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. எனக்கு அந்த எடத்துலயே செத்துடலாம்போல இருந்துச்சு. மறுநாள் அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போயிட்டேன். நீ கேக்கல. அதுக்கு மறுநாளும் கேக்கல. நிம்மதியா இருந்துச்சு. ஆண்டவர் வார்த்தையில கை வச்சுட்டேனேன்னு பயமாவும் இருந்துச்சு. ஆனா அந்த லாண்டிரிலதானே தெனமும் நின்னு வேலை பாக்கணும்?"

பிறகு, "முனையை விடு, ஷீட்டு கசங்குது" என்றாள்.

எனக்கு அப்படிக் கேட்டதாக நினைவே இல்லை. அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. ஒரு நாள் சொன்ன வசனமும் போய்விட்டது, கேட்ட கேள்வியும் போய்விட்டது. தாவுவது மட்டும் தினமும் சொல்லிச் சொல்லி ஊறிவிட்டது.

அவர் உன் ஊரில் இருப்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

நீ கேட்டதற்கு என் பதில் இது. வருகிறேன். ஆனால் அந்த வசனத்தை ஒரு தடவை நான் தடுக்காமல் சொல்ல வேண்டும். அது வாயில் வராமல் நான் வந்து அவர் முன்னால் நின்றால் அது வெறும் நடிப்பு. உனக்காக வந்தேன் என்று ஆகிவிடும். என் வாயில் அது வந்துவிட்டது என்றால், நான் வரலாம் என்று அர்த்தம். தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். முழுச் சங்கீதத்தையும் அம்மா முறையில், தப்பினால் முதலிலிருந்து. ஃபியூஸ் எனக்குப் பக்கத்தில் சாப்பிட உட்காருவதையே விட்டுவிட்டான்.

தம்பி


மார்ச் 22

டேய்,

இது பரீட்சையா? ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் வருவாயா?

காலில் வீக்கம் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார். வசனம் வந்தாலும் வராவிட்டாலும் ரயில் ஏறு. வருகிற வழியெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே வா. யார் மணி அடிக்கப் போகிறார்கள்?

நான் ஒருத்தி எத்தனை நாள் திட்டுவது? அவருக்கு என் திட்டு பழகிவிட்டது. உன்னுடையதையும் கொஞ்சம் கேட்கட்டும். நீ திட்டவாவது வா.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

கோபப்படாதே. கிட்டத்தட்ட வந்துவிட்டது.

நேற்று வாலுவுக்கு மறுபோட்டி. பிள்ளை பன்னிரண்டுக்கு வந்தாள். பெல் டீச்சரின் கை மணிக்கு மேலே இருந்தது. வாலு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு பதின்மூன்றைச் சொன்னாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், சின்ன தடங்கல்கூட இல்லை. முதல் பரிசு, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். அதை வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஆனால் கடைசி பெஞ்சில் என்ன நடந்தது தெரியுமா? அவளோடு நானும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தேன். அவள், 'தகப்பன்' என்று ஆரம்பிக்கும்போது என் உதடு மண்ணுக்குப் போய்விட்டது. அவள் சொல்லி முடிக்கும்வரை நான் ஒரு வசனம் முன்னால் நிற்கிறேன். வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "அப்பா, நான் சொல்லிட்டேன்ல, நீ ஏன் சொல்லல?" பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அவள்மேல் இல்லை. அவர்மேல், அம்மாமேல், உன்மேல், என் நாக்கின்மேல். நான் என்ன மாட்டேன் என்றா சொல்கிறேன்? மெதுவாகச் சொன்னால், அந்த இடத்தில் கையால் தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னால், பத்தில் மூன்று தடவை வருகிறது. பதறினால் போய்விடுகிறது. நீ எழுதுகிற எழுத்தைப் பார்த்தால் பதற்றம்தான் வருகிறது.

இன்னும் ஒரு வாரம் கொடு. லீவு எழுதி வைத்துவிட்டேன், தேதி மட்டும் போட வேண்டும். இதை அவரிடம் சொல்லு. வருகிறான், பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லு.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை மதியம் கிடைத்தது. அன்று காலையிலேயே, நான் பக்கத்தில் இருக்கும்போதே, அவர் போய்விட்டார்.

போன் பண்ணலாமா என்று போனை எடுத்தேன். பண்ணாதே என்றிருந்தாயே என்று வைத்துவிட்டேன். இல்லை, பொய் சொல்ல மாட்டேன். நீ வராததற்கு உனக்கு வலிக்கட்டும் என்றுதான் வைத்தேன். இப்போது எனக்கும் வலிக்கிறது. போதுமா?

அடக்கத்துக்கு ஐந்து பேர். நான், டயர் கடைக்காரர், அவருடைய இரண்டு ஆட்கள், எங்கள் போதகர். யாராவது ஒரு சங்கீதம் சொல்லுங்கள் என்றார் போதகர். நான் புத்தகம் இல்லாமல் ஆரம்பித்தேன். ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் நானே சொன்னேன். உன் வசனங்களை உனக்காகச் சொன்னேன், சின்ன வயதில் உனக்குச் சளி பிடித்தால் சொல்வேனே, அப்படி. கிழக்கு மேற்கு வந்தது. அதற்கு அடுத்ததைச் சொன்னேன். நான் உன்னைப்போல் பயிற்சி செய்யவில்லை. ஆனாலும் வந்தது. அவர் சட்டையைத் துவைத்த கை என்பதால் வந்ததோ என்னவோ.

இருபத்தொன்று முடிந்ததும் நிறுத்திவிட்டேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துப் போதகர் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி வசனம் உன்னுடையது என்று சண்டை போட்டாயே. வைத்துக்கொள். அது அங்கேயே கிடக்கிறது.

இரண்டு மாதமாக எனக்குத் தோன்றாதது ஒன்று, மண் போடும்போதுதான் தோன்றியது. பதின்மூன்று ஒற்றைப்படை. ஒற்றைப்படை என்னுடையது. அந்த வசனத்தை நீ சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை. நீ அதைப் பாடம் பண்ண வேண்டியதே இல்லை. நீ எதிரில் வந்து நின்றிருந்தால் போதும். நான் சொல்லியிருப்பேன். நீ கேட்டிருப்பாய்.

பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லச் சொன்னாய். யாரிடம் சொல்ல?

அக்கா


ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்டின் மெஷின் ரூமில் நின்று படித்தேன். ஃபியூஸ் என் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போ" என்றான்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவர் உன் வாசலில் வந்து நின்றதிலிருந்து. என்னை அறைவாள் என்று நினைத்தேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "எப்ப?" என்று கேட்டாள். போன வாரம் புதன்கிழமை என்றேன். "அக்கா பக்கத்துல இருந்தாளா?" இருந்தாள் என்றேன். "அவ சாப்பிட்டாளாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டும்.

பிறகு பீரோவைத் திறந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து உதறினாள். ஏற்கெனவே மடித்து வைத்திருந்த ஷீட். "பிடி" என்றாள். நீ நிற்கிற பக்கத்தில் அவள் நின்றாள். நீ சொல்கிற வசனங்களை அவள் சொன்னாள், என்னுடையதை நான் சொன்னேன். ஒரே ஷீட்டைத்தான் மடித்தோம், பிரித்தோம், மறுபடி மடித்தோம். வாலு வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழக்கு மேற்கு நான் சொன்னேன். அம்மா முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன், தாண்டவில்லை. துணிக் கணக்குச் சொல்கிற குரலில் அந்த வசனத்தை முழுக்கச் சொன்னாள். நான் கேட்டேன். அவ்வளவுதான். அடுத்த மடிப்புக்கு மண் வசனம் என் வாயில் தானாக வந்தது. இரண்டு மாதம் தொடையைத் தட்டித் தட்டி நான் பட்ட பாடு எல்லாம் எதற்கு என்று இருந்தது. நீ எழுதியது சரி. இது சரியாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி வசனம் என் முறை. அம்மா காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. "அக்கா அங்க விட்டுட்டு வந்திருக்கா. அங்க போய்த்தான் சொல்லணும்" என்றேன். அம்மா ஷீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அப்ப நானும் வரேன்" என்றாள்.

எனக்கு அவர்மேல் கோபம் போகவில்லை. வைத்திருந்த திட்டு எல்லாம் அப்படியே இருக்கிறது, இனி அதை எங்கே இறக்குவது என்றுதான் தெரியவில்லை. நீ சொன்ன முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். ஷேவ் பண்ணாமல் வந்துவிட்டேன்.

லீவுத் தாளில் தேதி போட்டுக் கொடுத்துவிட்டேன். மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை கிளம்புகிறோம், நான், அம்மா, வாலு. அப்பாவை வைத்த இடத்தில் நீ எனக்கு எதிரில் நில். முதல் வசனத்தில் நீ ஆரம்பி.

உன் ஊருக்கு நான் வந்ததே இல்லை. எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கிருந்து எந்த பஸ் என்று ஒன்றும் தெரியாது. இதற்கு நீ கடிதம் போட்டு, அது வரும்வரை நான் காத்திருக்க மாட்டேன். போன் பண்ணு.

தம்பி